எட்டு மாடிக்கு மண் பார்ப்பது எப்படி? கொங்கு மண்ணில் நிலநடுக்க அலை தேயும் கணக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எட்டு மாடி, பத்து மாடி எழுப்ப நினைக்கிறவர்கள் சாயில் டெஸ்ட் என்றதும் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை போர் போடணுங்க?" போர் என்பது மண் பார்க்கப் போடும் துளை. கட்டடத்தின் எடையை மண் தாங்குமா என்று பார்க்க அந்தக் கேள்வி சரி. பூமி குலுங்கும்போது அதே மண் அலையை எவ்வளவு பெருக்கும், எவ்வளவு தேய்க்கும் என்று தெரிய வேண்டுமானால் அது போதாது. மனைக்கு மனை, சில இடங்களில் ஒரே மனையில் மூலைக்கு மூலை, அடுக்கு மாறிக் கிடக்கும் மண் நம்முடையது. இங்கே எந்தச் சோதனைக்குக் காசு போடுவது? சோதனை முடிந்தபின் கணக்கில் மண்ணின் தணிப்பை, அதாவது அலையை மண் தேய்க்கும் அளவை, எப்படி வைப்பது? இந்த இரண்டு முடிவுகளுக்குத்தான் இந்த ஒப்பீடு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது, ஆறாவது போருக்கான காசை எடுத்து, மனையின் குறுக்கே நீளவாக்கில் மண்ணைப் பார்க்கும் அலைச் சோதனையில் போடுங்கள். தணிப்பு எண்ணை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பதைவிட, பாறை எந்த மூலையில் எத்தனை அடியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நம் மண்ணில் அதிகம் உதவும். எப்படி என்பது கீழே.

"நம்மூர்ல ஏதுங்க பூகம்பம்?"

1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பக்கத்தில் ஒரு நிலநடுக்கம் வந்தது. அளவு ஏறக்குறைய 6 என்று மதிப்பிடுகிறார்கள். தென்னிந்தியாவில் வெகுதூரம் வரை அதை உணர்ந்திருக்கிறார்கள். அத்தனை தூரம் போனதற்கு நம் காலடிப் பாறையும் ஒரு காரணம். சார்னோக்கைட்டும் நைஸுமாக இறுகிப்போன பழம்பாறை இது. அலை இதற்குள் ஓடும்போது அதிகம் தேய்வதில்லை. ஆக, கொங்கு நாட்டில் அலையை மாற்றும் வேலை பெரும்பாலும் பாறைக்கு மேலே கிடக்கும் முப்பது, ஐம்பது அடி மண்ணில்தான் நடக்கிறது.

நிலநடுக்கத்துக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 1893. அதன் 2016 பதிப்பு கோவையையும் சேலத்தையும் மூன்றாம் மண்டலத்தில், 0.16 என்ற காரணியோடு (குலுக்கல் எவ்வளவு பலம் என்று வைக்கும் எண்) வைத்தது. மதுரையும் திருச்சியும் இரண்டாம் மண்டலம், 0.10. அதில் சென்னைக்குப் போட்ட அதே எண்தான் கோவைக்கும் என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

அந்தப் பதிப்பு மண்ணை மூன்று வகையாகப் பிரிக்கிறது: கடினம், நடுத்தரம், மென்மை. ஆனால் கட்டடத்தின் அலைவு நேரம் (ஒருமுறை ஆடித் திரும்ப ஆகும் நேரம்) 0.4 விநாடி வரை இருந்தால், விசைக் கணக்கில் பெருக்கும் எண் மூன்று வகைக்கும் ஒன்றே, 2.5 தான். இரண்டு, மூன்று மாடி வீட்டுக்காரருக்கு மண் வகை என்னவென்றாலும் விசை மாறாது. எட்டு மாடிக்கு மாறும். 25 மீட்டர் உயரம், 20 மீட்டர் அகலம், செங்கல் நிரப்பிய சட்டகம் என்று வைத்துக்கொண்டால், விதிநூல் சூத்திரப்படி அலைவு நேரம் அரை விநாடி வரும். கடின மண் என்றால் எண் 2.0, நடுத்தரம் என்றால் 2.5. மண் வகையின் பெயர் மாறியதற்கே கால் பங்கு விசை கூடுகிறது. அதே அகலத்தில் 45 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு வித்தியாசம் இன்னும் பெரிது: கடினம் 1.1, நடுத்தரம் 1.5, மென்மை 1.84.

வகையைத் தீர்மானிப்பது துளைக்குள் குழாயை அடித்து இறக்கிப் பார்க்கும் எஸ்.பி.டி. சோதனையின் 'என்' (N) மதிப்பு. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவது. 30 மீட்டர் ஆழம் வரை சராசரி எடுக்க வேண்டும். சராசரி 30-க்கு மேல் என்றால் கடினம், 10 முதல் 30 என்றால் நடுத்தரம்.

இப்போது நம்மூர்ப் போர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே 8 மீட்டர் மண், 'என்' மதிப்பு 12. அதற்குக் கீழே பாறை. குழாய் இறங்கவில்லை, ரிப்போர்ட்டில் 'ரெஃப்யூசல்' என்று எழுதி நிறுத்திவிட்டார்கள். மீதி 22 மீட்டருக்கு என்ன எண் வைப்பது? ஒருவர் 50 என்று வைக்கிறார்: அடுக்கின் தடிமனை எண்ணால் வகுத்துக் கூட்டி எடுத்தால் சராசரி 27, நடுத்தர மண். இன்னொருவர் 100 என்று வைக்கிறார்: சராசரி 34, கடின மண். மனை அதே, துளை அதே. யாரும் அடித்துப் பார்க்காத ஆழத்துக்கு மேசையில் உட்கார்ந்து எழுதிய ஓர் எண், கட்டடத்தின் விசையைக் கால் பங்கு ஏற்றி இறக்குகிறது. என்னிடம் வரும் ரிப்போர்ட்களில் இதை விளக்கி ஒரு வரி எழுதியிருப்பவை அபூர்வம்.

அலைக்கு எது தெரியும், எது தெரியாது

கட்டடத்தைப் பக்கவாட்டில் உலுக்குவது பெரும்பாலும் எஸ் அலை. மண்ணை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு கீழிருந்து மேலே ஏறும். ஏறும் வழியில் இரண்டு விதமாகத் தேயும். மண் துகள்கள் உரசி அலையின் ஆற்றல் வெப்பமாகப் போவது ஒன்று. இது மெய்யான இழப்பு. அடுக்கு மாறும் இடங்களில் அலையில் ஒரு பகுதி திரும்பி, வளைந்து, சிதறிப்போவது இன்னொன்று. இதில் ஆற்றல் காணாமல் போகவில்லை. நேரே வரவேண்டியது சுற்றிக்கொண்டு பிந்தி வருகிறது. பதிவில் முதல் வீச்சு சிறுத்திருக்கும், வால் நீண்டிருக்கும். உரசலே இல்லாத மண்ணாக இருந்தாலும், மெல்லிய அடுக்குகள் பல மாறி மாறி வந்தாலே உயர் அதிர்வெண்கள் மங்கிவிடும் என்பதை ஓ'டோகெர்டியும் ஆன்ஸ்டியும் 1971-லேயே காட்டினார்கள்.

சிதறல் எவ்வளவு என்பது இரண்டு நீளங்களின் விகிதத்தைப் பொறுத்தது: அலை எவ்வளவு நீளம், மண்ணில் உள்ள மேடுபள்ளம் எவ்வளவு நீளம். விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகிற 5 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 மீட்டர். அதற்கு ஒரு மீட்டர் உருண்டைப் பாறை ஒரு பொருட்டே இல்லை. 20 ஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 12.5 மீட்டர், அதற்கும் அந்தக் கல் சின்னதுதான். ஆனால் 60 மீட்டர் அகல மனையில் பாறையின் தலை ஒரு பக்கம் 6 மீட்டரிலும் மறுபக்கம் 18 மீட்டரிலும் இருந்தால் இரண்டு அலைகளுமே அதைப் பார்க்கும்.

எஸ்.பி.டி. குழாய் பார்ப்பது 30 சென்டிமீட்டர். ஆய்வகத்து மண் மாதிரி ஒரு சாண்கூட இருக்காது. துளைக்கருவிக்குப் பெரிய சங்கடமாகத் தெரிகிற கல்லை அலை கண்டுகொள்ளாது. அலை கண்டுகொள்கிற சரிவு துளைக்கருவிக்குத் தெரியவே தெரியாது. சோதனைகளை ஒப்பிடுவதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: இந்தச் சோதனையின் கண் எவ்வளவு அகலம்?

காசில்லாமல் கிடைக்கும் தகவல்

ஒப்பீட்டுக்குள் போகுமுன் ஒன்று. பல்லடம், காங்கயம் பக்கத்துத் தோட்டங்களில் பழைய திறந்த கிணறுகள் இன்னும் இருக்கின்றன. எட்டிப் பாருங்கள். மேலே நாலைந்து அடி கரிசல், கோடையில் விரல் நுழையும் வெடிப்போடு. அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் கட்டிகள். பிறகு பழுப்பும் மஞ்சளுமாக மக்கிய பாறை, கடப்பாறையால் குத்தினால் மணலாக உதிரும். அதற்குள்ளேயே தோல் உரிகிற மாதிரி வட்ட வட்டமாக விட்டுப்போன உருண்டைப் பாறைகள், மக்காமல் அப்படியே. அதற்கும் கீழே வெடி வைத்த தமர்க்குழி வரிகள் தெரியும் முழுப்பாறை. எதிர்ச் சுவரைப் பார்த்தால் அதே முழுப்பாறை ஓர் ஆள் உயரம் கீழே தொடங்கும். முப்பது அடி அகலக் கிணற்றுக்குள்ளேயே இத்தனை ஏற்ற இறக்கம்.

கிணறு இல்லாத இடத்தில் போர்வெல் இருக்கிறது. ரிக் வண்டி என்றாலே திருச்செங்கோடு என்கிற ஊர்ப்பக்கம் நாம். கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது என்பது ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் நினைவிருக்கும், அடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்த காசல்லவா. கேசிங் இறங்குவது சரியக்கூடிய மண்ணும் மக்கிய பாறையும் முடியும் வரைதான். மனையைச் சுற்றி நாலு திசையிலும் கேட்டு வந்தால் பாறைத் தலையின் உத்தேச வரைபடம் கையில். கிழக்கு வீட்டில் 20 அடி, மேற்கு வீட்டில் 60 அடி என்று வந்தால், இந்த மனைக்கு ஒரே ஒரு மண் அடுக்குப் படம் போதாது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

நான்கு சோதனைகள்

போர் போட்டு எஸ்.பி.டி. இதைத் தவிர்க்க முடியாது. அஸ்திவாரத்துக்கு மண் மாதிரி வேண்டும், நீர்மட்டம் தெரிய வேண்டும், கரிசலின் உப்பல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தேய்வுக் கணக்குக்கு இது பலவீனமான ஆதாரம். உருண்டைப் பாறையில் குழாய் முட்டினால் 'பாறை வந்துவிட்டது' என்று நிறுத்தி விடுவார்கள். அதற்குக் கீழே இன்னும் பத்து அடி மக்கிய மண் இருக்கலாம். 'என்' மதிப்பிலிருந்து எஸ் அலையின் வேகத்தைக் கணிக்கும் சூத்திரங்கள் பல உண்டு. ஒரே எண்ணைப் போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகம் சொல்லும். அவற்றில் பெரும்பாலானவை வண்டல் மண்ணிலிருந்து பிறந்தவை, நம் சுக்கானையும் மக்கிய நைஸையும் பார்த்தவை அல்ல.

மாஸ்வ் (MASW). தரைமட்ட அலையை வைத்து மண்ணைப் பார்ப்பது. கன்சாஸ் நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பார்க், மில்லர், சியா மூவரும் 1999-இல் பரப்பிய முறை. தரையில் நேர்க்கோட்டில் ஜியோஃபோன் என்ற அதிர்வு உணரிகளை, வழக்கமாக 24, குத்தி வைத்து, ஒரு முனையில் இரும்புத் தகட்டின் மேல் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். தரைமட்ட அலைகள் வெவ்வேறு அதிர்வெண்ணில் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதிலிருந்து ஆழத்துக்கு ஆழம் எஸ் அலை வேகம் கணக்காகும். துளை வேண்டாம், ஒரு நாளில் பல கோடுகள் எடுக்கலாம். முக்கியமாக, இதன் கண் அகலம்: ஒரு கோடு இருபது, முப்பது, நாற்பது மீட்டர் மண்ணைச் சேர்த்துப் பார்க்கிறது. நிலநடுக்க அலையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. உருண்டைப் பாறை இதை ஏமாற்றாது.

குறைகளும் உண்டு, நம்மூரில் கொஞ்சம் கூடுதலாகவே. சுக்கான் கல் அடுக்கு கெட்டியாகவும் அதற்குக் கீழே மக்கிய பாறை மெத்தென்றும் இருக்கும் இடங்களில் வேகம் கீழே போகப்போகக் கூடாமல், கூடிக் குறைந்து கூடும். அப்போது ஒரே அதிர்வெண்ணில் வெவ்வேறு வேகத்தில் ஓடும் அலைகள் குழம்பிக் கலந்து வரும். அவசரக்காரர் கையில் சாஃப்ட்வேர் அழகான படத்தைத் தப்பாகக் கொடுக்கும். ஒளிமுறிவு போல அலைமுறிவை வைத்துப் பார்க்கும் பழைய ரிஃப்ராக்‌ஷன் முறைக்கு இந்த இடத்தில் இன்னும் மோசம், கெட்டி அடுக்குக்குக் கீழே உள்ள மெத்தென்ற அடுக்கு அதற்குத் தெரியாது. மாஸ்வ் கணக்கு அடுக்குகள் கிடைமட்டம் என்று நம்புகிறது என்பதும் நினைவிருக்கட்டும். சரிவான பாறையில் ஒரு நீளக் கோட்டைவிட, சரிவுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள் நல்லது. அவினாசி சாலை ஓர மனை என்றால் லாரிச் சத்தத்துக்குப் பயந்து விடிகாலையில் போக வேண்டியிருக்கும்.

டவுன்ஹோல். துளைக்குள் பி.வி.சி. குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் கலவை ஊற்றி, உணரியை மீட்டர் மீட்டராக இறக்கி, மேலே பலகையைப் பக்கவாட்டில் அடித்து அலை வரும் நேரத்தை அளப்பது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி வேகம் கிடைக்கும். சுக்கானுக்குக் கீழே உள்ள மெத்தென்ற அடுக்கும் தப்பாது. துளை எங்கேயோ அங்கேயுள்ள மண்ணை மட்டும்தான் சொல்லும் என்பது குறை. மாஸ்வ் கோடுகளில் ஒன்றின் நடுவில் ஒரு டவுன்ஹோல் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும். இரண்டு மூன்று துளைகளுக்கிடையே அளக்கும் கிராஸ்ஹோல் இதைவிடத் துல்லியம்தான். அணைக்கும் அணு உலைக்கும் அது; அடுக்குமாடிக்கு ஆடம்பரம்.

நுண்ணதிர்வு. தூக்குப்போசி அளவுக் கருவியைத் தரையில் வைத்து அரை மணி நேரம் சும்மா இருக்கவிட்டு, தரையின் இயல்பான நடுக்கத்தைப் பதிவு செய்வது. பக்கவாட்டு நடுக்கத்தை மேல்கீழ் நடுக்கத்தால் வகுத்தால் மண்ணின் ஒத்ததிர்வு அதிர்வெண், அதாவது மண் இயல்பாகவே அதிகம் ஆடும் அதிர்வெண், ஒரு முகடாக எழும். ஜப்பானின் நாகமுரா 1989-இல் பரவலாக்கியது. வேகத்தைச் சொல்லாது, தணிப்பைச் சொல்லாது. ஆனால் மெத்தென்ற மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை என்ற நம் அமைப்பில் முகடு தெளிவாக வரும், அதுதான் இதற்குத் தோதான மண். மனையில் பத்து இடத்தில் வைத்துப் பார்த்து எல்லா இடத்திலும் 5 ஹெர்ட்ஸ் என்றால் பாறை சமமாக இருக்கிறது. ஒரு மூலையில் 10, எதிர்மூலையில் 3.5 என்றால் சரிவு. நான்கில் மலிவானது இது. நம்மூரில் கேட்டு வாங்குகிறவர்தான் குறைவு.

வரிசைப்படுத்தச் சொன்னால்: முதலில் நுண்ணதிர்வு, அது காட்டும் சரிவின் குறுக்கே மாஸ்வ் கோடுகள், கோட்டின் மேல் இடம் பார்த்து இரண்டு மூன்று போர், அதில் ஒன்றை டவுன்ஹோலாக மாற்றுவது. வழக்கத்தில் நடப்பது தலைகீழ்: மனையின் நாலு மூலையிலும் நடுவிலும் போர், காசு மிஞ்சினால் ஒரு மாஸ்வ்.

தணிப்பு எண்: எதை வைப்பது?

வேகம் கிடைத்துவிட்டது. இனி மண் அடுக்கைக் கணினியில் வைத்து அலையை ஏற்றிப் பார்க்க வேண்டும். அங்கே கேட்கும் எண் தணிப்பு. இதற்கும் நான்கு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

ஆய்வக எண்ணை அப்படியே வைப்பது முதல் வழி. சிறிய அதிர்வுக்கு மண்ணின் தணிப்பு பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று சதவீதத்துக்குள் வரும்; அதிர்வு பெருகப் பெருகக் கூடும். ஒரு சாண் மாதிரிக்குள் அடுக்கு எல்லை கிடையாது, உருண்டைக் கல் கிடையாது, சரிவு கிடையாது. ஆகவே ஆய்வகம் சொல்வது உரசலை மட்டும்; சிதறல் இதில் இல்லை. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் நாடெங்கும் நிறுவிய கிக்-நெட் நிலநடுக்கப் பதிவு நிலையங்களில் தரைமட்டத்தில் ஒரு பதிவுகருவி, நூறு மீட்டருக்குக் குறையாத துளையடியில் இன்னொன்று. அடியில் பதிவான அலையை ஆய்வகத் தணிப்போடு கணக்கிட்டு மேலே கொண்டுவந்தால், பல நிலையங்களில் உயர் அதிர்வெண்கள் மெய்ப்பதிவைவிடப் பெரிதாக வருகின்றன. நூறு நிலையங்களை ஆராய்ந்த ஒரு குழுவுக்கு, அடுக்குகள் கிடைமட்டம் என்ற எளிய கணக்கு நன்றாகப் பொருந்தியவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இரண்டாவது வழி இதிலிருந்து பிறந்தது: ஆய்வகத் தணிப்பை இரண்டால், மூன்றால் பெருக்கிவிடு, சிதறலும் அதற்குள் வந்துவிடும். பதிவோடு பொருந்தவும் செய்யும். எனக்கு இதில் பாதி சம்மதம்தான், நம் மண்ணுக்கு ஏன் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

12 மீட்டர் மண், வேகம் விநாடிக்கு 240 மீட்டர், கீழே விநாடிக்கு 1500 மீட்டர் வேகமுள்ள பாறை. மண்ணின் ஒத்ததிர்வு 5 ஹெர்ட்ஸ், அதாவது 0.2 விநாடி. தணிப்பு 2 சதவீதம் என்றால், அலை ஒருமுறை மேலே ஏறுவதில் உரசலால் இழப்பது வெறும் 3 சதவீதம். இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் மேலே போன அலை தரையில் மோதித் திரும்பி, பாறையின் தலையில் மறுபடி மோதும்போது அதன் வீச்சில் பத்தில் எட்டுப் பங்கு திரும்பவும் மேலேயே வருகிறது. மண்ணுக்குள் மாட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பு சேரும். அதனால் ஒத்ததிர்வில், மேலே மண் இல்லாத திறந்த பாறையோடு ஒப்பிட்டால், அலை ஏறக்குறைய 7 மடங்கு பெருகும். தணிப்பை மூன்று மடங்காக்கி 6 சதவீதம் வைத்தால் பெருக்கம் 5 மடங்குக்குச் சற்றுக் கீழே இறங்கும். நிரப்புச் சுவர் வைத்த எட்டு மாடியின் முதல் ஆட்டம் (முழுசாக ஒரே பக்கம் சாய்ந்து ஆடுவது) 0.5 விநாடி என்றாலும், இரண்டாவது ஆட்டம் (நடுவில் வளைந்து ஆடுவது) அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில், 0.17 விநாடிக்குப் பக்கத்தில் வரும். 0.2 அதற்கு ரொம்பத் தள்ளி இல்லை. ஆக எண்ணைப் பெருக்குவது சும்மா விளையாட்டு அல்ல. விசையில் மூன்றில் ஒரு பங்கு குறைப்பு.

இப்போது தணிப்பைத் தொடாமல் பாறையை நகர்த்திப் பாருங்கள். பாறை 6 மீட்டரில் என்றால் ஒத்ததிர்வு 0.1 விநாடி, 18 மீட்டரில் என்றால் 0.3 விநாடி. முகடு இருக்கும் இடமே மூன்று மடங்கு நகர்ந்துவிட்டது. முகட்டின் உயரத்தை 7 என்பதா 5 என்பதா என்று வாதாடுவதைவிட, அது உங்கள் கட்டடத்தின் மேல் விழுகிறதா, பக்கத்துக் குடோனின் மேல் விழுகிறதா என்று தெரிந்துகொள்வது பெரிய விஷயம். நூறு மீட்டருக்கு மேல் வண்டல் கிடக்கும் சமவெளியில் தணிப்பு எண் ராஜா. நம்மூர் மெல்லிய மண்ணில் பாறையின் ஆழம்தான் ராஜா.

பெருக்கிய தணிப்பில் எனக்கு இன்னொரு மனத்தாங்கல். சிதறல் என்பது ஆற்றல் இழப்பு இல்லை, இடமாற்றம். கணினியில் அதை உரசலாக வைத்துவிட்டால் ஆற்றல் மறைந்தே போகிறது. பிந்தி வருகிற வால் கணக்கில் இல்லை. குலுங்கும் நேரம் நீண்டால் விரிசல் விட்ட கான்கிரீட்டுக்கு அது கேடு. அதனால் நான் சொல்வது: முதல் முகட்டுக்கு ஆய்வக எண், அதற்கு மேலுள்ள அதிர்வெண்களில் மட்டும் கூடுதல் தணிப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, வேகத்தையும் அடுக்குத் தடிமனையும் சீட்டுக் குலுக்குவது போல மாற்றி மாற்றி அறுபது கற்பனை மண் அடுக்குகளை உருவாக்கி, எல்லாவற்றின் விடையையும் சராசரி எடுப்பது. 1995-இல் டோரோ கொடுத்த முறை உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். நம் மனையில் இது செய்வது என்ன? 6 மீட்டர் பாறைக்கு ஒரு முகடு, 18 மீட்டருக்கு ஒரு முகடு, இடையில் பல முகடுகள். சராசரி எடுத்ததும் எல்லாம் கரைந்து தாழ்வான அகல மேடாகிவிடும். தணிப்பைக் கூட்டிய மாதிரியே தெரியும். ஆனால் அந்தத் தாழ்ந்த மேடு எந்த மூலையிலும் இல்லை. கிழக்கு மூலையில் நிற்கும் தூணுக்கு அதன் சொந்த முகடு முழுசாகவே வரும். சராசரியை விட்டுவிட்டு, மாஸ்வ் கோடுகள் காட்டிய இரண்டு மூன்று மெய்யான அடுக்குகளைத் தனித்தனியே ஓட்டி, பெரியதை எடுத்துக்கொள்வது மேல். கணினி நேரமும் குறைவு.

நான்காவது, பாறைச் சரிவையே வரைந்து இருபரிமாணக் கணக்கு. சரிவான பாறையில் அலை செங்குத்தாக மட்டும் ஏறாது. ஓரத்திலிருந்து பக்கவாட்டில் தரைமட்ட அலைகள் கிளம்பி நேரே வந்த அலையோடு சேரும். 1995 ஜனவரி 17-இல் கோபேயில் சேதம் ஒரு பட்டையாக அமைந்ததற்கு இத்தகைய வடிநில ஓர விளைவை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் தேவைப்படாது. மனை அகலத்துக்குள் பாறை ஆழம் இரண்டு மடங்குக்கு மேல் மாறினாலோ, கட்டடம் மருத்துவமனை போன்றதாக இருந்தாலோ கேளுங்கள். மாஸ்வ் கோடுகள் இல்லாமல் இதைச் செய்து கொடுப்பதாக யாராவது சொன்னால், பாறைச் சரிவை அவர் எங்கிருந்து வரைந்தார் என்று கேட்பது நியாயம்.

எந்த மனைக்கு எது

கரட்டோரத்து மனை, பாறை பத்தடிக்குள் எட்டிவிடுகிறது என்றால் நுண்ணதிர்வும் இரண்டு போரும் போதும். தணிப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கரிசல் காடு வேறு கதை. இளகுதன்மை அதிகமுள்ள களிமண் பெரிய அதிர்விலும் விறைப்பை எளிதில் இழக்காது, தணிப்பும் மெல்லத்தான் கூடும். வுசெட்டிக், டோப்ரி இருவரும் 1991-இல் தந்த வளைகோடுகள் இதைத்தான் சொல்கின்றன. 'மெத்தென்ற மண், அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும்' என்று மேஸ்திரிகள் சொல்வது நேர் எதிர். 1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரம் மையத்திலிருந்து 350 கிலோமீட்டர் தள்ளி இருந்தும் ஏரிப்படுகைக் களிமண்ணின் மேல் நொறுங்கியது, அந்தக் களிமண் அலையைத் தேய்க்காமல் பெருக்கியதால். நம் கரிசல் அத்தனை ஆழமும் இல்லை, அத்தனை மெத்தென்றும் இல்லை. ஆனால் அங்கே தணிப்பை மூன்றால் பெருக்கித் தரும் ரிப்போர்ட்டை நான் ஏற்கமாட்டேன். சுக்கான் அடுக்கு இருப்பதால் ஒரு டவுன்ஹோல் கட்டாயம்.

நொய்யல் ஓரம், சிங்காநல்லூர், உக்கடம் போலக் குளத்தை ஒட்டிய தாழ்வான பூமி, பழைய வாய்க்காலை மூடி மண் கொட்டிய மனை: காசு அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கொட்டிய மண், வண்டல், மக்கிய பாறை என்று மூன்றும் சில மீட்டருக்குள் மாறும். பழைய கிராம வரைபடத்தில் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே மாஸ்வ் கோடுகள் போடுங்கள். வாய்க்காலோடு இணையாகப் போட்டால் எல்லாம் ஒரே சீராகத் தெரிந்து ஏமாற்றும்.

கொட்டேஷன் வாங்கும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். மாஸ்வ் கோடுகள் மனை வரைபடத்தில் எங்கே, எந்தத் திசையில். பாறை முட்டிய பின் குறைந்தது மூன்று மீட்டராவது பாறைக்குள் துளைப்பார்களா, இல்லை முதல் கல்லிலேயே நிறுத்திவிடுவார்களா. 'ரெஃப்யூசல்' என்ற ஆழத்துக்கு சராசரியில் என்ன எண் வைப்பார்கள். தணிப்பு எண் ஆய்வகத்திலிருந்தா, நூலிலிருந்தா, பெருக்கியிருந்தால் எத்தனையால். கடைசிக் கேள்விக்கு "சாஃப்ட்வேர்ல இருக்கறதுங்க" என்று பதில் வந்தால் அடுத்த கொட்டேஷனைப் பிரியுங்கள்.